உரைகல் யார் கையில்?

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் கோயில் குளக்கரையிலிருந்து அட்டக்குளங்கரை வழியாக நடந்தால் சிறிது நேரத்தில் சாலை பஜார் வந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைவீதி அது. அரிசி, பாத்திரம், துணி, மருந்துச் சரக்கு என்று தமிழும் மலையாளமும் கலந்து வியாபாரம் நடக்கும் அந்த வீதியில் நகைக்கடைகளுக்கும் குறைவில்லை. அங்கே பழைய நகை கைமாறும் விதத்தைப் பாருங்கள். அறுந்துபோன ஒரு சங்கிலியை ஒருவர் கண்ணாடி மேசைமேல் வைக்கிறார். கடைக்காரர் எடை போடுகிறார், கறுப்புக் கல்லில் ஓர் இழுப்பு இழுக்கிறார், ஒரு சொட்டு அமிலம் விடுகிறார், கால்குலேட்டரைத் தட்டி அதன் முகத்தைத் திருப்பிக் காட்டுகிறார். கொண்டுவந்தவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன்” என்கிறார். நூறோ இருநூறோ கூடுகிறது. இருவருக்கும் பேரம் நடந்த திருப்தி. உண்மையில் பேரம் பேசவேண்டிய இடமெல்லாம் அதற்கு முன்பே கடந்துபோயிற்று. எடை எவ்வளவு, மாற்று எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று தீர்மானித்தது ஒரே ஆள். அதே ஆள்தான் பணம் கொடுக்கப்போகிறவர். பழைய நகைக்கு நியாய விலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும், அளப்பவரும் வாங்குபவரும் ஒருவரேயா என்ற ஒற்றைக் கேள்வியைப் பொறுத்தது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

பழைய மேசை நாற்காலிக்கோ பழைய காருக்கோ நியாய விலை இன்னதென்று யாரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. தங்கத்துக்குச் சொல்லலாம். கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை, அந்த எடையில் தங்கத்தின் பங்கான மாற்று, அன்றைய விலை ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதே அதன் மதிப்பு. மூன்றும் அளந்தோ கேட்டோ அறியக்கூடியவை. கேரளத்தில் விலையை அன்றன்று காலையில் வியாபாரிகள் சங்கம் அறிவித்துவிடுகிறது, தொலைக்காட்சியிலேயே ஓடும். இத்தனை தெளிவான பொருளை விற்பவர்தான் இருட்டில் நிற்கிறார் என்பது வினோதம். 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது என்பதில் தொடங்கும். பழைய நகைச் சந்தையில் இது தலைகீழ்: இருபது வருடம் கழுத்தில் போட்டிருந்தவருக்குத் தெரியாதது, இருபது விநாடி கையில் வைத்துப் பார்த்தவருக்குத் தெரிந்துவிடுகிறது. 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் இன்னொரு வகையை விவரித்தார்கள். கார் மெக்கானிக்கைப் போல, கோளாறு என்னவென்று சொல்பவரே அதைச் சரிசெய்து காசும் வாங்கும் தொழில்களில், அவர் சொன்னது சரியா என்பதை வேலை முடிந்த பின்பும் வாடிக்கையாளரால் அறிய முடியாது என்றார்கள். பழைய நகை விற்பனை இந்த வகையைச் சேர்ந்தது. மாற்று 88 என்று சொல்லி வாங்கிய சங்கிலி உருக்கியபோது 91 காட்டினால், அந்தச் செய்தி விற்றவர் வீட்டுக்கு வரப்போவதில்லை.

முதலில் எடை. எடைதானே, எந்திரம் சொல்லிவிடுமே என்று தோன்றும். மின்னணுத் தராசை எடையளவைத் துறை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது எவருக்கும் உரிமை. ஆனால் தராசு காட்டுவது மொத்த எடையை. அதில் தங்கம் எவ்வளவு என்பதில்தான் சங்கதி. பச்சைக்கல் பதித்த பாலக்கா மாலை, நாகபடத் தாலி, கல் வைத்த ஜிமிக்கி போன்றவற்றில் கல்லின் எடையோடு, கல்லுக்கு அடியிலும் குழிவான பாகங்களிலும் அடைத்த அரக்கின் எடையும் சேர்ந்திருக்கும். கல்லைக் கழற்றாமல் “இரண்டு கிராம் கல்லுக்குப் போச்சு” என்று சொல்வது மதிப்பீடு. அதை அளவு என்று சொல்ல முடியாது. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை, நடனக் கலைஞர்கள் அணிபவை. அவற்றில் பெரும்பாலானவை வெள்ளியில் கட்டி, மேலே தங்கத் தகடு ஒட்டி, சிவப்பும் பச்சையுமாகக் கல் பதித்தவை. கையில் தூக்கினால் கனமாக இருக்கும். அந்தக் கனத்தைத் தங்கக் கணக்கில் எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார்; அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை. கல் நகையைப் பொறுத்தவரை ஒரே நேர்மையான வழி, கல்லைக் கண்முன் கழற்றி, கல்லையும் உலோகத்தையும் தனித்தனியே எடை போட்டு, கல்லை உடையவரிடமே திருப்பிக் கொடுப்பது. கழிக்கப்பட்ட கல் கடையிலேயே தங்கிவிட்டால் அதுவும் ஒரு விற்பனைதான், விலை பேசாத விற்பனை.

அடுத்தது மாற்று. “916 நகைதான், முத்திரை இருக்கிறது” என்பதுதான் வழக்கமான நம்பிக்கை. அந்த முத்திரை எந்த முத்திரை என்பதைப் பொறுத்தது அது. இந்தியத் தர நிறுவனம் தங்க நகைக்கு ஹால்மார்க் வழங்கத் தொடங்கியது 2000ஆம் ஆண்டில். அது கட்டாயமானது 2021 ஜூன் 16 முதல்; கட்டாயமான மாவட்டங்களின் முதல் பட்டியலிலேயே திருவனந்தபுரம் இருந்தது. ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி இல்லாத புதிய நகையை விற்கக் கூடாது என்ற நிலை வந்தது 2023 ஏப்ரல் 1இல். இதற்கு முந்தைய காலத்து நகையில் வெறுமனே “916” என்றோ “கேடிஎம்” என்றோ பொறித்திருந்தால் அது செய்தவரின் வாய்மொழி, அவ்வளவுதான். முக்கோண வடிவ முத்திரையும் அடையாளக் குறியும் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியைத் தட்டிப் பார்க்கலாம். எந்தப் பதிவுபெற்ற கடை, எந்தச் சோதனை மையம், என்ன தூய்மை என்று காட்டும். இன்னும் பழைய நகையென்றால் கதை வேறு. 1963இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. 1966 வரை அந்த வரம்பு இருந்தது. விதியை எத்தனை பட்டறைகள் மதித்தன என்பது வேறு விஷயம். ஆனால் பாட்டியின் நகை என்றாலே சுத்தத் தங்கம் என்று எண்ணுவதற்கு வரலாறு துணை நிற்கவில்லை. அத்துடன் பழைய முறையில் கண்ணிகளை ஒட்ட வைத்த பொடியில் செம்பும் வெள்ளியும் மிகுதி. தகடு 22 காரட்டாக இருந்தாலும், நூற்றுக்கணக்கான ஒட்டுகள் உள்ள சங்கிலி முழுவதையும் உருக்கினால் மாற்று இறங்கத்தான் செய்யும். பின்னாளில் வந்த கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பற்றுவைப்பு. காட்மியம் 767 டிகிரியில் கொதித்துப் புகையாகப் போய்விடுவதால் தங்கத்தின் மாற்றைக் கெடுக்கவில்லை. ஊதிய ஆசாரியின் நுரையீரலைக் கெடுத்தது.

ஆகவே சோதித்துத்தான் தீரவேண்டும். நான்கு சோதனைகள் நடைமுறையில் உள்ளன. நான்கும் நான்கு விதமாகப் பிழைபடுபவை. உரைகல் மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே அதைப் பேசுகிறது. நகையின் கோட்டையும், மாற்றுத் தெரிந்த ஊசியின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து, அமிலம் பட்டபின் எது எவ்வளவு மங்குகிறது என்று கண் ஒப்பிடுகிறது. தேர்ந்த கண்ணுக்கு ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் சொல்லிவிட முடியும். சாதாரணக் கண்ணுக்கு அதுவும் இல்லை. இதில் மோசடி எதுவும் வேண்டியதில்லை. பிழை இரண்டு சதவீதம் என்றால், ஐயத்துக்குரிய அந்த இரண்டு சதவீதத்தை வாங்குபவர் தன் பக்கமே சாய்த்துக்கொள்வார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

தண்ணீரில் முக்கி அடர்த்தி பார்க்கும் ஆர்க்கிமிடீஸ் முறையை வீட்டிலேயே செய்யலாம் என்று பலர் சொல்வதுண்டு. செய்யலாம், ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு செய்யவேண்டும். தூய தங்கத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 19.3 கிராம், வெள்ளி 10.5, செம்பு ஏறக்குறைய 9. இவற்றைக் கலந்து கணக்கிட்டால், மீதி முழுவதும் செம்பாக உள்ள 22 காரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17.6 வருகிறது, மீதி முழுவதும் வெள்ளியாக இருந்தால் சுமார் 18. சரி, 21 காரட்டில் மீதி முழுவதும் வெள்ளியாக இருந்தால்? சுமார் 17.5. அதாவது செம்பு கலந்த 22 காரட்டும் வெள்ளி கலந்த 21 காரட்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். ஒரு காரட் என்பது நாலு சதவீதத்துக்கு மேல். அந்த வித்தியாசத்தைத் தண்ணீர் மறைத்துவிடுகிறது. கல்லோ அரக்கோ காற்றுக் குமிழோ உள்ள நகையில் எண்ணே வேறாகிவிடும். அடர்த்தி 19.25 கொண்ட டங்ஸ்டனை உள்ளே வைத்த கட்டியிடம் இந்தச் சோதனை தோற்றுப்போகும். முழுக்கப் போலி நகையை இனங்காண இம்முறை போதும். விலை பேசப் போதாது.

இப்போது பெரிய கடைகளிலெல்லாம் இருப்பது எக்ஸ்-கதிர் எந்திரம். நகையின்மேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். எந்த ஆற்றலில் எவ்வளவு வருகிறது என்று எண்ணி, தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று அரை நிமிடத்தில் திரையில் காட்டும். நகைக்குச் சேதமில்லை, யார் கண்ணையும் நம்பவேண்டியதில்லை. ஆனால் தங்கம் கனமான உலோகம். உள்ளே எழும் கதிரைத் தானே விழுங்கிவிடும். எனவே எந்திரம் பார்ப்பது மேற்பரப்பில் பத்துச் சொச்சம் மைக்ரான் ஆழத்தைத்தான். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. முலாம் பூசிய நகை இதை ஏமாற்றும். முலாமே இல்லாத நகையும் ஏமாற்றக்கூடும்: மெருகேற்ற அமிலத்தில் முக்கும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோய், தங்கம் மட்டும் செறிந்து நிற்கும். கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்கப் பழங்குடிகள் செம்பு மிகுந்த தும்பாகா என்ற கலவையை இதே வித்தையால் சொக்கத் தங்கம்போல் மினுங்கச் செய்தார்கள். எதிர்த்திசையிலும் பிழை உண்டு. கண்ணியின் ஒட்டுமேல் கதிர் விழுந்தால் குறைவாகக் காட்டும், எண்ணெய் அழுக்கும் சோப்பும் படிந்திருந்தாலும் எண் தடுமாறும். அதனால் ஒரே இடத்தில் ஒரே முறை எடுத்த அளவைக்கொண்டு விலை பேச ஒப்புக்கொள்ளக் கூடாது. கழுவித் துடைத்து, நாலு இடத்தில் எடுக்கச் சொல்லவேண்டும். திரை விற்பவர் பக்கமும் திரும்பியிருக்க வேண்டும்.

இறுதித் தீர்ப்பு சொல்வது தீச்சோதனை. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மற்ற எல்லாச் சோதனைகளும் இதனோடு ஒப்பிட்டே சரிபார்க்கப்படுகின்றன. நகையை உருக்கிக் கலக்கிய கட்டியிலிருந்து கால் கிராம் அளவுக்குச் சுரண்டி எடுத்து, மில்லிகிராமின் நுண்பகுதி வரை காட்டும் தராசில் எடை போடுகிறார்கள். அதனுடன் தங்கத்தைப்போல் இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் பொட்டலமாகச் சுருட்டுகிறார்கள். எலும்புச் சாம்பலாலோ மக்னீசியாவாலோ செய்த சின்னக் குப்பியில் பொட்டலத்தை வைத்து ஆயிரம் டிகிரிக்கு மேல் உள்ள உலையில் தள்ளுகிறார்கள். ஈயம் உருகி, காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, செம்பு முதலிய மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு குப்பியின் சுவருக்குள் ஊறிப்போய்விடுகிறது. மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் மட்டுமே உள்ள ஒரு மணி. அதைத் தட்டி, உருளையில் தகடாக்கி, சுருளாகச் சுற்றி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்து வெளியேறும். வெள்ளி குறைவாகச் சேர்த்திருந்தால் அமிலம் உள்ளே நுழையாது. மிக அதிகமாகச் சேர்த்திருந்தால் சுருள் பொடிந்துபோகும். அந்த இரண்டரை மடங்குக் கணக்கு அதற்காகத்தான். எஞ்சும் பழுப்பு நிறச் சுருளைக் காய்ச்சினால் தங்க நிறம் வருகிறது. அதை எடைபோட்டால் மாற்று கிடைக்கிறது. பிழை ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. உரைகல்லோடு ஒப்பிட்டால் இருபது மடங்கு துல்லியம்.

இனி விலை. மூன்றாவது எண் ஊரறிந்தது, ஆகவே அதில் தில்லுமுல்லுக்கு இடமில்லை என்று தோன்றும். கணக்கை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். சுலபத்துக்காக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பவுன், அதாவது 24 கிராம் கல் மாலை. கல்லும் அரக்கும் உண்மையில் 1.6 கிராம், மீதி 22.4 கிராமும் 91.6 மாற்று. மதிப்பு 2,24,000 ரூபாய். கல்லைக் கழற்றாமல் 2.4 கிராம் என்று கழித்தால் எடை 21.6 ஆகிறது. உரசிப் பார்த்து 88 என்று சொன்னால் மதிப்பு 2,07,511. “அழுக்கு, தேய்மானம்” என்று இரண்டு சதவீதம். பழைய நகை வாங்கும் விலை என்று பலகை விலையிலிருந்து இன்னொரு இரண்டு சதவீதம். கைக்கு வருவது 1,99,294. ஒவ்வொரு படியிலும் போனது அற்பமாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் 24,706 ரூபாய், பதினொரு சதவீதம். இதில் எந்த ஒரு படியும் பச்சைப் பொய் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். நாலு ஐயங்கள் எழுந்தன, நாலும் ஒரே பக்கம் சாய்ந்தன.

இவற்றைவிட மோசமானவை இரண்டு கணக்குப் பிழைகள். 22 காரட் பலகை விலையிலேயே 916 என்ற மாற்று அடங்கியிருக்கிறது. அந்த விலையை மறுபடி 0.916 ஆல் பெருக்கினால் ஒரே கலப்படத்துக்கு இரண்டு தடவை கழிக்கிறோம். 2,24,000 பெறவேண்டியவர் 2,05,184 பெறுவார். மாற்றால் பெருக்குவதென்றால் 24 காரட் விலையை எடுக்க வேண்டும். 22 காரட் விலை என்றால் மாற்றை 91.6 ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். இரண்டாவது பிழை அழுக்குக் கழிவு. நகையை உருக்கி, கட்டியை எடைபோட்டு, கட்டியின் மாற்றைப் பார்த்து விலை சொல்லும்போது அழுக்கும் அரக்கும் உலையிலேயே எரிந்துபோயின. தேய்மானமோ, உடுத்தித் தேய்ந்த தங்கம் தராசில் இல்லவே இல்லை. இதற்குப் பிறகும் “அழுக்குக்கு இரண்டு சதவீதம்” என்பது எரிந்துபோனதை மறுபடி எரிப்பது. உருக்காமல் வாங்கினால் அழுக்குக் கழிவுக்கு நியாயம் உண்டு, உருக்கியபின் இல்லை.

கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பழைய நகையைப் பலகை விலைக்கே வாங்கும் கடையை எதிர்பார்ப்பது பேராசை. உருக்கவும் சுத்தம் செய்யவும் செலவு உண்டு, உலையில் சிறிது இழப்பு உண்டு, முடக்கிய பணத்துக்கு வட்டி உண்டு, மறுநாள் விலை இறங்கினால் நஷ்டம் அவர் தலையில். இவற்றுக்காக அவர் ஒரு விகிதத்தைக் கழிப்பதில் ஒரு தவறும் இல்லை. என் வாதம் லாபத்துக்கு எதிரானதல்ல, லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பற்றியது. “எடை இது, மாற்று இது, விலை இது, என் கூலி இத்தனை சதவீதம்” என்று நாலாவது வரியாக எழுதிக் காட்டினால், பக்கத்துக் கடையின் நாலாவது வரியோடு அதை ஒப்பிடலாம். மாற்றுக்குள்ளும் கல் எடைக்குள்ளும் ஒளிந்தால் ஒப்பிட முடியாது. பத்துக் கடை ஏறி இறங்கச் சொல்லும் வழக்கமான அறிவுரை இதனால்தான் பாதிதான் பலிக்கிறது. பத்துக் கடைகளும் பத்து விதமாக அளந்தால், அதிகத் தொகை சொல்லும் கடை அதிக விலை தருகிறதா, சரியாக அளக்கிறதா என்று எப்படித் தெரியும்? அளவு முதலில் கையில் இருந்தால் இரண்டு கடை போதும்.

“பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தால் ஒரு பைசா கழிவில்லை” என்ற விளம்பரத்தைக் காட்டி இன்னொருவர் மறுக்கலாம். அது பொய்யாக இருக்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் புது நகையின் செய்கூலியும் சேதாரமும் நகைக்கு நகை, கடைக்குக் கடை மாறுபவை. திருவனந்தபுரத்தில் பணிக்கூலி என்று மொத்தமாகச் சொல்வார்கள். பழசில் விட்டுக்கொடுத்த மூன்று சதவீதத்தைப் புதுசின் பணிக்கூலியில் எடுத்துவிடலாம். புது நகையின் மொத்தத் தொகைமேல் மூன்று சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. புது நகை வேண்டியவருக்கு மாற்றிக்கொள்வது லாபமாக அமையலாம். பணம் வேண்டியவருக்கு அது விற்பனையே அல்ல. இரண்டையும் தனித்தனி ரசீதாகக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். தன் சொந்த நகையை விற்கும் தனிமனிதர் ஜிஎஸ்டி கட்டவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பழைய நகையில் “வரிக்கு” என்று கழிப்பதற்கு ஆதாரமில்லை.

விற்பவர்களின் மனக்குறைகளில் பெரியது செய்கூலி திரும்பி வராதது. இதில் எனக்கு விற்பவர் பக்கம் பேச மனமில்லை. செய்கூலி என்பது ஆசாரியின் உழைப்புக்கான விலை, அந்த வடிவம் பிடித்தவருக்கு மட்டுமே அது மதிப்பு. உருக்கப்போகிறவருக்கு மாங்காய் மாலையும் ஒன்றுதான், தங்கக் கம்பியும் ஒன்றுதான். வைரத்தின் நிலை இன்னும் கடினம். 1982இல் எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் என்ற பத்திரிகையாளர், வைரம் வாங்குவது சுலபம், விற்பது எத்தனை கடினம் என்று விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். நிலைமை அடிப்படையில் மாறவில்லை. வைரத்தை உருக்கி ஒரே தரமாக்க முடியாது. ஒவ்வொரு கல்லும் தனி. பலகை விலை என்று ஒன்று இல்லாத பொருளுக்கு அளவீடு மட்டும் நியாய விலையைத் தந்துவிடாது. என் வாதத்தின் எல்லை அங்கே முடிகிறது.

எதிர்ப்பக்கமும் ஓர் எல்லை உண்டு. ஸ்ரீவராகத்திலிருந்து எட்டும் தூரத்தில் பத்மநாபசுவாமி கோயில். 2011இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அதன் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது ஒரு லட்சம் கோடி ரூபாய் என்ற மதிப்பு பத்திரிகைகளில் ஓடியது. நூற்றாண்டுகள் பழைய நகையைக் கிராம் கணக்கில் மதிப்பிடுவதே தவறு என்று அப்போதே பலர் சொன்னார்கள். சாதாரண வீட்டிலும் நூறு வருடத்துக்கு முந்தைய காசுமாலை ஒன்று இருக்கக்கூடும். அதை உருக்கினால் தங்கத்தின் விலைதான் வரும், மீதி உலையில் போகும். நூறு வருடம் கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அப்படிப்பட்ட நகையை உலைக்கு அனுப்புமுன் பழங்கலைப்பொருள் அறிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது.

அளப்பவரையும் வாங்குபவரையும் பிரிப்பது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவருக்கு வரலாறு பதில் சொல்கிறது. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே, பொற்கொல்லர் செய்த பொருளைக் கடையை விட்டுப் போகுமுன் சங்கத்தின் காவலர்கள் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இடவேண்டும் என்று சட்டம் வந்தது. நம் நாட்டில் 2015இல் தொடங்கிய தங்கப் பணமாக்கல் திட்டத்தின் நடைமுறையும் கவனிக்கத்தக்கது: முதலில் எக்ஸ்-கதிர் அளவு சொல்லப்படும், பிடிக்காவிட்டால் உடையவர் நகையை எடுத்துக்கொண்டு போகலாம், சம்மதித்தால் கல் கழற்றி, அவர் முன்னிலையில் உருக்கி, தீச்சோதனை செய்வார்கள். திட்டம் பெரிதாக ஓடவில்லை, 2025 மார்ச்சில் அதன் நடுத்தர, நீண்டகாலப் பிரிவுகள் நிறுத்தப்பட்டன. நகையை உருக்க மனம் வராததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். அதன் சோதனை முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைவிட வலுவான சான்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு விதித்த நெறிமுறைகள். நகையைக் கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும். கல்லுக்கும் கொக்கிக்கும் எவ்வளவு கழித்தோம் என்று விளக்கி, அதை எழுத்தில் தரவேண்டும். திரும்பக் கிடைக்கப்போகும் நகையை அடகு வைப்பவருக்கே இத்தனை உரிமை. திரும்பவே கிடைக்காதபடி விற்பவர் அதே தாளைக் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அந்தத் தாள் கடைக்கு வெளியிலும் கிடைக்கிறது. முத்திரையில்லாத தன் பழைய நகையைப் பொதுமக்கள் எவரும், தர நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துக்கு நேரே கொண்டுபோய் அறிக்கை வாங்கலாம். 2022இல் இந்த வசதியை அறிவித்தபோது நிர்ணயித்த கட்டணம் நாலு உருப்படி வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய், வரி தனி. முத்திரையிட்ட நகை சொன்ன மாற்றைவிடக் குறைந்திருப்பது தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல் இருமடங்கும் சோதனைச் செலவும் விற்ற கடை தரவேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. விற்கப்போகும் நேரத்தில் பழைய ரசீது இதற்காகவும் உதவும்.

ஒற்றைக் கம்மலுக்கு இத்தனை அலைச்சலா என்பது கடைசி ஆட்சேபம். அதற்கும் கணக்கே விடை சொல்லட்டும். அதே 10,000 ரூபாய் விலையில் இரண்டு கிராம் கம்மல் 20,000 பெறும். உரைகல்லின் இரண்டு சதவீத ஐயம் 400 ரூபாய். சோதனைக் கட்டணம் 200. வரியும் ஆட்டோ கூலியும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும். ஒரு கிராம் மூக்குத்திக்கோ அது நஷ்டம்தான். இரண்டு கடையில் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடலாம். ஐந்து கிராமைத் தாண்டினால் ஐயம் 1,000 ரூபாய்க்கு மேல் போகிறது, கட்டணம் 200இலேயே நிற்கிறது. ஒற்றைக் கம்மலும் அறுந்த கொலுசும் என்று துணுக்கு நகை நாலு உள்ள வீட்டில், ஒவ்வொன்றாக விற்காமல் நாலையும் ஒரே நாளில் கொண்டுபோனால் அந்த 200 நாலுக்கும் பங்காகிறது. கொலுசு வெள்ளி என்றால் அதை விட்டுவிட்டுப் போகலாம். வெள்ளியின் விலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.